கொழும்பில் பிறந்த மொழி ஓட்டமாவடிக்கு ஏன் வரவில்லை?

நம்மவர்களிடையே ஒரு தீர்ப்பு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கணினிச் செய்நிரலாக்கம் என்பது ஆங்கிலத்தின் சொத்து. அதைத் தமிழில் கற்பிக்க முனைவது வீண்வேலை. கிராமத்துப் பிள்ளைக்குத் தட்டச்சும் மின்னஞ்சலும் தெரிந்தால் போதும் என்பதே அத்தீர்ப்பு. இதை வழங்கியவர் யார், எந்தச் சாட்சியத்தை விசாரித்து வழங்கினார் என்று எவரும் கேட்பதில்லை. மேன்முறையீடும் செய்யப்படவில்லை. இக்கட்டுரையை அந்த மேன்முறையீடாக வாசகர்கள் கொள்ளலாம்.

முதலில் சாட்சியத்தைப் பார்ப்போம்.

இலங்கையில், கொழும்பில், ஒரு கணினி மொழி பிறந்திருக்கிறது. அதன் பெயர் பலரீனா. பலே நாட்டியம் ஆடும் நங்கையைக் குறிக்கும் சொல் அது. டபிள்யூஎஸ்ஓ2 எனும் மென்பொருள் நிறுவனத்தில் 2015இல் அதன் வடிவமைப்புத் தொடங்கியது. அந்நிறுவனத்தை 2005இல் நிறுவியவர்களுள் ஒருவரான சஞ்சீவ வீரவரண அம்மொழியின் மூலகர்த்தா. எக்ஸ்எம்எல் எனப்படும் ஆவண வடிவத்தை உலகுக்கு வழங்கிய குழுவில் முன்னின்று உழைத்த ஜேம்ஸ் கிளார்க் வடிவமைப்பில் தலையாய பங்காற்றினார். 2017இல் பலரீனா வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. 2019 செப்டெம்பரில் முதலாம் பதிப்பும், 2022 பெப்ரவரியில் ‘அன்ன ஏரி’ எனப் பொருள்படும் புகழ்பெற்ற பலே நாட்டியத்தின் பெயரைத் தாங்கிய பதிப்பும் வெளிவந்தன. 2024இல் நிறுவனம் சுவீடனைச் சேர்ந்த ஈக்யூடி எனும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆனால் மொழி எவருடைய பெட்டகத்திலும் பூட்டப்படவில்லை. அதன் மூலநிரல் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருக்கிறது. எடுத்துப் படிக்கவும் பயன்படுத்தவும் எவருக்கும் உரிமையுண்டு.

ஒரு சிறிய நாடு, இறக்குமதி செய்து பழகிய நாடு, உலகம் எடுத்துப் பயன்படுத்தத் தக்கதொரு கணினி மொழியை ஆக்கியிருக்கிறது! இது சாதாரண செய்தியா? கிரிக்கெட் வெற்றிக்கு எட்டுப் பத்தித் தலைப்பிடும் நாளிதழ்கள் இதற்கு என்ன இடம் ஒதுக்கின? அதையாவது விட்டுவிடுவோம். இம்மொழியின் உள்ளே இருக்கும் சிந்தனையைத் தமிழ்மொழிமூல மாணவனுக்கு விளக்கும் ஒரு நூலை நான் இதுவரை கண்டதில்லை. வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எத்தனை பிள்ளைகளுக்கு அதன் பெயராவது தெரியும்? ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அதன் உள்ளே? இங்கேதான் நமது தீர்ப்பாளர்கள், “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது” என்று கையை விரிப்பார்கள். புரிகிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில் 10,000 ரூபா இருக்கிறது என்று கொள்வோம். தலைவர் ஓரிடத்தில் இருந்தும் பொருளாளர் வேறோரிடத்தில் இருந்தும் ஒரே கணத்தில் தலா 6,000 ரூபா எடுக்கிறார்கள். முதல் இயந்திரம் கணக்கைப் பார்க்கிறது: 10,000 இருக்கிறது, கொடுக்கலாம். இரண்டாவது இயந்திரமும் அதே கணத்தில் பார்க்கிறது: 10,000 இருக்கிறது, கொடுக்கலாம். முதலாவது 6,000 கொடுத்துவிட்டு மீதி 4,000 என்று எழுதுகிறது. இரண்டாவதும் 6,000 கொடுத்துவிட்டு மீதி 4,000 என்றே எழுதுகிறது. வெளியே சென்ற பணம் 12,000. கணக்கில் இன்னும் 4,000 இருப்பதாகப் பதிவு! களவு நடக்கவில்லை. கூட்டல் கழித்தலிலும் பிழையில்லை. இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் ஒரே பொருளைத் தொட்டதுதான் குற்றம்.

பல செயல்கள் ஒரே காலத்தில் நடைபெறுவதை உடனிகழ்வு என்போம். அவ்வாறு நடைபெறும் செயல்கள் ஒரே தரவில் ஒழுங்கின்றிக் கைவைப்பதைத் தரவு மோதல் என்போம். இவ்விரு சொற்களையும் விடச் சிறந்த சொற்கள் எவரிடமேனும் இருந்தால் தரட்டும், மகிழ்ச்சியோடு ஏற்கலாம். பொருள் விளங்கிவிட்டதல்லவா? அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

ஓட்டமாவடி மக்களுக்கு இதை விளக்குவது இன்னும் எளிது. எங்கள் ஊரின் பழைய இரும்புப் பாலத்தைப் புகையிரதமும் வீதி வாகனங்களும் பகிர்ந்துகொண்ட காலத்தை என் வயதையொத்தவர்கள் அறிவார்கள். பாலம் ஒன்று, பயணம் இரு வகை. புகையிரதம் வரும்போது வாகனங்கள் நின்றாக வேண்டும். பாலத்தில் வாகனம் நிற்கும்போது புகையிரதம் நுழைதல் ஆகாது. கடவையை அடைப்பதும் திறப்பதுமாக ஒருவர் காவல் இருந்தால்தான் உயிர் பிழைக்கலாம். கணினி அறிவியலார் ‘பூட்டு’ என்று சொல்வது இதைத்தான். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் வெளியே காத்திருப்பது எனும் இந்த ஒழுங்கைக் கணினிக்கு முறையாக வகுத்தவர்களுள் முன்னோடி ஒல்லாந்து நாட்டின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இன்றும் பல்கலைக்கழகங்களில் பேசப்படுகிறது. அவர் எழுதியதன் சாரத்தை எங்கள் ஊர்ப் பாலம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செய்துகாட்டிக்கொண்டிருந்தது.

பூட்டில் என்ன சிக்கல்? காவலாளி தூங்கிவிடலாம். செய்நிரலை எழுதுபவர் பூட்ட மறக்கலாம். பூட்டியதைத் திறக்க மறக்கலாம். இரண்டு பூட்டுகள் இருந்தால் ஒருவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதற்காகக் காத்திருப்பார். மற்றவர் அதை வைத்துக்கொண்டு இதற்காகக் காத்திருப்பார். இருவரும் நகரமாட்டார்கள். வாய்க்கால் நீருக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு வயற்காரர்களின் கதைதான். வட்டவிதானை ஒருவர் வந்து தீர்க்காவிட்டால் பயிர் கருகும்.

இது ஏதோ விளையாட்டுப் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 எனும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, உயிர்கள் பறிபோயின. அந்த விபத்துகளுக்குக் காரணமான மென்பொருட் பிழைகளுள் ஒன்று, ஒரே நேரத்தில் நடந்த செயல்களுக்கிடையிலான மோதல். முந்திய மாதிரிகளில் இருந்த பொறிமுறைத் தடைகளை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள். இயந்திரத்தை இயக்கியவர்கள் பழக்கத்தால் வேகமாகத் தட்டச்சுச் செய்யத் தொடங்கிய பின்னரே அந்தப் பிழை தலைகாட்டியது. மெதுவாகத் தட்டியவரை எல்லாம் நலமே!

2003 ஆகஸ்ட் 14ஆம் திகதி வட அமெரிக்காவின் வடகிழக்கில் சுமார் ஐந்து கோடி மக்கள் இருளில் மூழ்கினார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமின்றிச் செயலிழந்து கிடந்தது அவற்றுள் ஒன்று. அறையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. வரவில்லை என்பதும் தெரியவில்லை. பின்னர் பல வாரங்கள் நிரலைத் துருவி ஆராய்ந்தே, ஒரே தரவை இரு செயல்கள் ஒரே கணத்தில் தொட்டதால் நேர்ந்த பிழை அது என்று கண்டுபிடித்தார்கள்.

இவ்வகைப் பிழையின் கொடுமை இதுதான்: ஆயிரம் முறை சோதித்தாலும் தென்படாது, ஆயிரத்தோராவது முறை, நேரம் ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கு பிசகும்போது, வெடிக்கும். மனிதரின் கவனத்தை மட்டும் நம்பினால் இதைத் தடுக்க இயலாது என்று உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது. அந்த உணர்வின் விளைவுகளே புதிய கணினி மொழிகள்.

சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986 அளவில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் எர்லாங் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அவர்களது தீர்வு: எவரும் எவருடைய பொருளையும் தொட வேண்டாம், தேவையானதைக் கடிதம் எழுதிக் கேளுங்கள். தொலைபேசி நிலையங்களுக்காகப் பிறந்த அம்மொழி பின்னர் வாட்ஸ்அப் சேவைக்கும் அடித்தளமாயிற்று. 2009இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கோ மொழியும் செய்தி அனுப்பும் வழியையே ஊக்குவிக்கிறது. ஆனால் ஒரே தரவைப் பலர் தொடுவதை அது தடைசெய்வதில்லை.

கிரேடன் ஹோர் என்பவர் 2006இல் தமது சொந்த முயற்சியாகத் தொடங்கி, பின்னர் மொசில்லா நிறுவனத்தின் ஆதரவோடு வளர்ந்து, 2015 மே மாதம் முதற்பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழி வேறொரு வழியை எடுத்தது. செய்தித்தாளில் பணியாற்றியவர்களுக்கு அது உடனே விளங்கும். ஒரு பிரதியைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வாசிக்கலாம், தீங்கில்லை. திருத்துவதாயின் ஒருவர் மட்டுமே திருத்த வேண்டும். அவர் திருத்தி முடிக்கும்வரை வேறெவரும் அதை வாசிக்கவும் கூடாது. இரண்டு உதவியாசிரியர்கள் ஒரே பிரதியில் இருபுறமும் பேனா வைத்தால் மறுநாட் காலையில் பத்திரிகை சந்தி சிரிக்கும். ரஸ்ட் மொழியில் ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உடைமையாளர் உண்டு. மற்றவர்கள் இரவல் வாங்கலாம்; வாசிப்பதற்காயின் பலர், மாற்றுவதற்காயின் ஒருவர். இவ்விதியை மீறி எழுதப்பட்ட செய்நிரலை அம்மொழியின் தொகுப்பான் ஏற்பதேயில்லை. அந்தப் பிழை பிறப்பதற்கு முன்பே பிடிபடுகிறது. வேகமும் குறைவதில்லை. 2022 டிசம்பரில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே அம்மொழிக்கு இடம் கிடைத்தது என்றால் அதன் தகுதியை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையிலேதான் நமது பலரீனா வருகிறது. ஒன்றோடொன்று வலையமைப்பில் பேசிக்கொள்ளும் சேவைகளை எழுதுவதற்காக அது ஆக்கப்பட்டது. வங்கி, மருத்துவமனை, அரச அலுவலகம் ஆகியவற்றின் கணினிகள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் பெறும் வேலை அது. இங்கே ஒரே கணத்தில் நூறு கோரிக்கைகள் வருவது இயல்பு. ஆகவே, ஒன்றோடொன்று மோதாத வண்ணம் அவற்றைக் கவனிப்பதை மொழியின் இலக்கணத்திலேயே வைத்தார்கள். ஒரே காலத்தில் ஓடும் ஒவ்வொரு செயலோட்டத்தையும் கயிற்றின் ‘புரி’யைக் குறிக்கும் சொல்லால் அம்மொழி அழைக்கிறது. தும்புக் கயிறு திரித்த ஊர்களுக்கு இதற்கு விளக்கவுரை எழுதவும் வேண்டுமா? ஒரு வேலைக்குள் பல பணியாளர்களை நிறுத்தி, அவர்களிடையே அம்புக்குறியால் செய்தி அனுப்பலாம். அந்த அமைப்பைப் படமாகவும் வரைந்து பார்க்கலாம். அதன் சிறப்பான விதி இது: ஒரு செயல் பொதுத் தரவைப் பாதுகாப்பின்றித் தொடவில்லை, தனித்து இயங்கவல்லது என்று தொகுப்பானால் உறுதிசெய்ய முடிந்தால், வரும் கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கவனிக்க அனுமதி கிடைக்கும். உறுதிசெய்ய முடியாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகவே கவனிக்கப்படும். சந்தேகம் வந்தால் வேகத்தை விட்டுக்கொடு, பாதுகாப்பை விட்டுக்கொடாதே என்பது அதன் கொள்கை. நம் நாட்டின் பேருந்துச் சாரதிகள் சிலருக்கும் இதை மொழிபெயர்த்துக் கொடுத்தால் நல்லது!

இம்மொழிகள் எல்லாப் பிழைகளையும் ஒழித்துவிடும் என்று எவரும் கொள்ள வேண்டாம். தரவு மோதலை அவை தடுக்கும். சிந்தனையில் உள்ள கோளாறைத் தடுக்கமாட்டா. ‘இருப்பைப் பார்’ என்பதை ஒரு பூட்டுக்குள்ளும் ‘பணத்தைக் கழி’ என்பதை வேறொரு பூட்டுக்குள்ளும் வைத்தால், மேலே சொன்ன கூட்டுறவுச் சங்கம் மீண்டும் ஏமாறும். அதனாலேதான் கருத்து விளங்க வேண்டும் என்கிறேன். வாய்பாட்டை மனனம் செய்த மாணவன் கணக்கில் தவறுவதுபோல, கட்டளையை மட்டும் மனனம் செய்த நிரலாளன் இங்கே தவறுவான். கருத்து எந்த மொழியில் விளங்கும்? சிந்திக்கும் மொழியில் விளங்கும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

“செய்நிரலில் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன?” ஆம், இருக்கின்றன. ஏறத்தாழ நாற்பது ஐம்பது சொற்கள். சங்கீதம் கற்கும் தமிழ்ப்பிள்ளை தெலுங்குக் கீர்த்தனை பாடவில்லையா? வைத்தியர் இலத்தீன் பெயர்களைப் பயன்படுத்தவில்லையா? கட்டளைச் சொற்களைத் தமிழாக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அவரது உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நான் கேட்பது அதுவன்று. ஐம்பது சொற்கள் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றைச் சுற்றியுள்ள ஐந்நூறு பக்க விளக்கம் தமிழில் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். செய்நிரல் எழுதும்போது தரவுகளுக்கு நாமே பெயரிடுகிறோம். கோ மொழியில் ‘பாலம்’ என்று தமிழில் பெயரிட இயலாது. யுனிகோடு ‘எழுத்து’ என்று வகைப்படுத்தியவற்றையும் இலக்கங்களையும் மட்டுமே அது பெயரில் அனுமதிக்கிறது. நமது காலும் கொம்பும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகள் அல்ல! ரஸ்ட் 2021 முதல் தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. கொழும்பில் பிறந்த பலரீனாவின் இலக்கணமும் ஏற்கிறது. கணினி மொழி நமக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வாசலில் நின்று மறிப்பவர்கள் நம்மவர்களே.

“கலைச்சொற்கள் இல்லையே?” இது சோம்பலின் பழைய சாக்கு. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தை மானிப்பாயில் தமிழில் கற்பித்தார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட மருத்துவ, அறிவியல் நூல்கள் அவரது முயற்சியால் தமிழில் வந்தன. இரசாயன நூலுக்குச் சொல் கிடைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டு வெளியிட்டார். கடல் கடந்து வந்த ஓர் அந்நியரால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்தது, கணினியும் இணையமும் கையில் உள்ள நமக்கு இன்று முடியாதாம்!

அவ்வளவு தூரம் போவானேன்? மட்டக்களப்பு மண் பெற்றெடுத்த சுவாமி விபுலாநந்தர், 1892இல் காரைதீவில் பிறந்தவர், தமிழ்ப் பேராசிரியராக மட்டுமே இன்று நினைவுகூரப்படுகிறார். அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதைச் சிலை திறப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஆண்டுதோறும் அவர் படத்திற்கு மாலை சூட்டிவிட்டு, அவர் தொடங்கி வைத்த வேலையைக் கைவிட்டவர்களை என்னவென்று அழைப்பது?

“பல்கலைக்கழகத்தில் எப்படியும் ஆங்கிலத்தில்தானே படிக்கப் போகிறார்கள்?” பல்கலைக்கழகத்திற்குள் நுழைபவர்களின் கதை அது. நுழைய முடியாதவர்களே பெரும்பான்மையினர். அவர்களுக்குக் கதவு பாடசாலையோடு சாத்தப்படுகிறது. நுழைந்தவர்களுக்கும் நன்மையில்லை. முதலாம் ஆண்டில் ஒரே நேரத்தில் புதிய மொழியையும் புதிய கருத்தையும் சுமக்கிற மாணவன் கருத்தைக் கீழே போட்டுவிட்டு மொழியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கருத்தைத் தமிழில் முன்பே அறிந்தவனுக்குப் பாரம் பாதியாகும். உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் மொழி தமிழ்மொழிமூலம் கற்பிக்கப்படுகிறதே! கணினியில் ஒரே நேரத்தில் பல செயல்முறைகள் எவ்வாறு ஓடுகின்றன என்பதும் பாடத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் தமிழ் நடந்து வந்திருக்கிறது. இன்னும் ஓர் அத்தியாயம் நடந்தால் கால் முறிந்துவிடுமா?

“இப்போது செயற்கை நுண்ணறிவே செய்நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?” இதுவே இன்றைய நாகரிகமான எதிர்வாதம். படித்தவர்களே இப்படிப் பேசுவதுதான் வேதனை. அந்த இயந்திரம் எழுதித் தருகிறது, உண்மை. எழுதித் தந்தது சரியா என்று பார்ப்பவர் யார்? மற்றப் பிழைகள் சோதனையில் அகப்படும். தரவு மோதல் சோதனையில் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும் பிழை என்று மேலே பார்த்தோம். ஆகவே எழுதுவது எளிதாக ஆக, சரிபார்க்கும் அறிவின் விலை ஏறுகிறது. கடுமையான தொகுப்பானைக் கொண்ட மொழிகளின் பெறுமதியும் ஏறுகிறது. தட்டச்சுப் பொறி வந்தபோது ஆசிரியபீடத்திற்கு இலக்கணம் தேவையில்லை என்று எவரேனும் சொன்னார்களா?

“ஓட்டமாவடிப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று சொல்லாமற் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கே கடுமையான பதில் தேவை. நாட்டின் பிற பகுதியினர் ஓட்டமாவடியின் பெயரை அதிகமாக உச்சரித்தது 2021இல், கொரோனாவால் மரணித்தவர்களை நல்லடக்கம் செய்த இடமாக. ஓர் ஊரின் பெயர் அடக்கத்தலத்தோடு மட்டுமே நினைக்கப்பட வேண்டுமா? இந்த ஊரில் நிரலாளர்கள் பிறக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

இக்கடற்கரைக்கும் மென்பொருளுக்கும் இருக்கும் உறவு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்கை விழுங்கியது. அடுத்த சில நாட்களிலேயே இலங்கைத் தொண்டர் நிரலாளர்கள் ஒன்றுகூடி ‘சகன’ எனும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய பதிவேடுகள் அதில் இருந்தன. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இத்தகைய பதிவேட்டில் இரண்டு முகாம்களின் எழுதுவினைஞர்கள் ஒரே தாயின் பெயரை ஒரே கணத்தில் திருத்தினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் ‘கண்டுபிடிக்கப்பட்டார்’ என்று எழுதியதன்மேல் மற்றவரது பழைய ‘காணவில்லை’ ஏறி உட்கார்ந்தால், அந்தத் தாயைத் தேடும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? உடனிகழ்வு என்பது கொழும்புக் கோபுரங்களின் குளிரூட்டிய அறைக்குள் அடங்கும் விடயமன்று. பாசிக்குடாவுக்கும் கல்குடாவுக்கும் உரிய விடயம்.

இன்று நாடெங்கும் டிஜிட்டல் மயமாக்கம் பற்றிய பேச்சு. 2025 பெப்ரவரியில் அரசாங்கக் கொடுப்பனவுகளை இணையத்தில் செலுத்தும் கவ்பே சேவை தொடங்கப்பட்டது. டிஜிட்டல் அடையாள அட்டை வரவிருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நமது பணமும் பெயரும் பிறப்புச் சான்றிதழும் நிலவுறுதியும் மென்பொருளுக்குள் குடிபுகும்போது, அந்த மென்பொருளின் உள்ளே நடப்பதைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டாமா? தமிழ் 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. படிவம் தமிழில் கிடைப்பதற்கே எத்தனை ஆண்டுகள் போராடினோம்! படிவம் கணினிக்குள் போய்விட்ட காலத்தில், கணினியைத் தமிழில் அறியும் உரிமையைக் கேட்காமல் இருப்பது, போராடிப் பெற்றதைத் திரும்பக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

குறைகூறுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, தேசிய கல்வி நிறுவகம் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தை அடுத்த முறை திருத்தும்போது உடனிகழ்வு பற்றி ஓர் அத்தியாயத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் சேர்க்கட்டும். பைதனை நீக்கச் சொல்லவில்லை. நம் நாட்டில் பிறந்த மொழியை உதாரணமாகக் காட்டினால், “இதை நம்மவர்கள் செய்தார்கள்” எனும் எண்ணம் பிள்ளையின் நெஞ்சில் விழும்.

இரண்டாவது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கணினி கற்கும் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தமது ஆய்வோடு ஐந்து பக்கத் தமிழ் விளக்கமொன்றையும் எழுத வேண்டும் என்று விதி செய்யட்டும். ஆண்டுக்கு ஒரு நூல் தானே திரளும்.

மூன்றாவது, புலம்பெயர்ந்த தமிழ்ப் பொறியியலாளர்களுக்கு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இம்மொழிகளில் நாள்தோறும் உழைக்கிறீர்கள். ஊர்ப் பாடசாலைக்கு மேடையும் மண்டபமும் கட்டித் தந்தீர்கள், நன்றி மறவோம். இனி ஆளுக்கொரு கட்டுரை தாருங்கள். பணம் அனுப்புவதைவிடச் சிரமம்தான்; ஆனால் மண்டபத்தைவிட நெடுநாள் நிற்கும்.

நான்காவது, தமிழ் நாளிதழ்களுக்கு. சோதிடத்திற்கு ஒதுக்கும் இடத்தில் வாரம் ஒருமுறை கால்பங்கைக் கணினி அறிவியலுக்கு ஒதுக்கினால் கிரகங்கள் கோபிக்கமாட்டா.

இவற்றுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. மொழியின் மூலநிரல் திறந்து கிடக்கிறது. விளக்க வேண்டிய பொருளை மேலே சில பந்திகளில் ஓர் ஊடகவியலாளன், கலைப்பட்டதாரி, ஓரளவேனும் விளக்கியிருக்கிறேன் என்று நம்புகிறேன். அதைத் துறை கற்றவர்கள் இன்னும் திருத்தமாகச் செய்யலாமே! “தமிழில் முடியாது” என்று இனியும் சொல்பவர்கள் ஒன்று செய்யட்டும். தரவு மோதல் என்றால் என்னவென்று ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். அதில் தோற்றால், தோல்வி தமிழினுடையதா, தம்முடையதா என்பதைத் தாமே தீர்மானிக்கட்டும். அதுவரை அந்தப் பழைய தீர்ப்பை நம் பிள்ளைகள்மீது நிறைவேற்ற அவர்களுக்கு என்ன உரிமை?